641 செய்த வேலை

4294967297 என்னும் எண்ணைப் பாருங்கள். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2³² உடன் 1ஐக் கூட்டினால் கிடைப்பது இது. இது பகா எண்ணா, பகு எண்ணா? இக்கேள்விக்கு விடை கிடைக்க 92 ஆண்டுகள் ஆயின.

பிரான்சு நாட்டுக் கணித மேதை ஃபெர்மா, 2இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே சென்று, ஒவ்வொரு முறையும் 1ஐக் கூட்டினார். 3, 5, 17, 257, 65537 என்பவை வந்தன. ஐந்தும் பகா எண்கள். இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே என்று 1640இல் அவர் கருத்துத் தெரிவித்தார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். வரிசையில் ஆறாவதுதான் நம் எண்.

நேரடியாகச் சோதிப்பதானால் இதன் வர்க்கமூலம் வரை, அதாவது ஏறக்குறைய 65,536 வரை உள்ள 6,542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கவேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கும்? 1732இல் ஆய்லர் இவ்வெண்ணின் காரணியைக் கண்டறிந்தார். அவர் பின்னர் நிறுவிய விதி வேலையை வெகுவாகக் குறைக்கிறது: இவ்வெண்ணின் எந்தப் பகாக் காரணியை 64ஆல் வகுத்தாலும் மீதி 1 வரவேண்டும். (இதன் நிரூபணத்தைக் கல்லூரியில் படிப்பீர்கள்.) அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்கின்றன. முதல் நான்கும் மீதி வைக்கின்றன. ஐந்தாவது மீதியின்றி வகுக்கிறது!

4294967297 = 641 × 6700417.

ஆகவே இது பகு எண். ஃபெர்மாவின் கருத்து தவறாயிற்று.

நீண்ட வகுத்தல் செய்யாமலே இதைக் காட்டலாம். பின்னாளில் கண்ட இவ்வழி எனக்கு மிகவும் பிடித்தது. 641 = 5⁴ + 2⁴; அதுவே 5 × 2⁷ + 1 என்பதும் ஆகும். எனவே,

2³² = 2⁴ × 2²⁸ = (641 − 5⁴) × 2²⁸ = 641 × 2²⁸ − 640⁴.

இருபுறமும் 1ஐக் கூட்டினால், நம் எண் = 641 × 2²⁸ − (640⁴ − 1). அடைப்புக்குள் இருப்பதைக் காரணிப்படுத்துங்கள்: (640 − 1)(640 + 1)(640² + 1). நடுவில் நிற்பது 641 அன்றோ! இரு உறுப்புகளும் 641இன் மடங்குகள். எனவே அவற்றின் வித்தியாசமும் அவ்வாறே.

இன்னொரு சான்றும் உண்டு. பகா எண் ஒன்றை இரு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். பல பகா எண்களை அப்படியும் எழுத முடியாது. நம் எண்ணோ 65536² + 1² ஆகவும், 62264² + 20449² ஆகவும் அமைகிறது. பெருக்கிச் சரிபாருங்கள்.

ஃபெர்மாவின் வரிசையில் 65537க்குப் பின் இன்றுவரை ஒரு பகா எண்கூட அகப்படவில்லை. 2இன் அடுக்கு 2³² ஆகும் எண் வரை யாவும் பகு எண்களே என்று தெரிந்துவிட்டது. அடுத்ததில், அதாவது அடுக்கு 2³³ ஆக உள்ள எண்ணில், 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன. அது எந்த வகை என்பது இன்னும் முடிவாகவில்லை.