எதிர்ப்புசக்தியைக் குறைத்துக்கொண்டு வாழ்ந்த கொரோனா காலம்

அக்கா தந்த சிறுநீரகம் – 17

2020 கோடையில் தமிழ்நாட்டில் எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு எதிர்ப்புசக்தி. தெருமுனைகளில் அண்டா வைத்துக் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள். இஞ்சி, மிளகு, மஞ்சள், துத்தநாக மாத்திரை, வைட்டமின் சி என்று வாட்ஸ்அப்பில் குறிப்புகள் வந்து குவிந்தன. எதிர்ப்புசக்தி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்பதில் யாருக்கும் ஐயமே இருக்கவில்லை. அதே கோடையில் நானும் என்னைப் போன்ற பல்லாயிரம் பேரும் காலையிலும் இரவிலும் அந்த எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருந்தோம். விழுங்காவிட்டால் எனக்குள் இருக்கும் அக்காவின் சிறுநீரகம் போய்விடும்.

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்த மாத்திரைகள் பழக்கமானவை. நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உடலின் காவல், வீட்டு நாயைப் போன்றது. திருடனைப் பார்த்தும் குரைக்கும், விருந்தாளியையும் கடிக்கும். மாற்றிப் பொருத்திய உறுப்பு அதற்கு என்றைக்கும் அந்நியம்தான். டி அணுக்கள் உசுப்பப்படுவதை டாக்ரோலிமஸ் தடுக்கிறது. மீறி உசுப்பப்பட்டவை பல்கிப் பெருகாமல் மைக்கோஃபீனோலேட் பார்த்துக்கொள்கிறது. பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு, அழற்சியை மொத்தமாகத் தணிக்கிறது. எங்களில் பெரும்பாலோர் இந்த மூன்றோடுதான் வாழ்கிறோம். லூபஸ், முடக்குவாதம், குடல் அழற்சி போன்ற நோய்களில் உடல் தன்னைத்தானே தாக்குகிறது. அந்த நோயாளிகளும் இதே மருந்துகளையோ இவற்றின் உறவினர்களையோ எடுத்துக்கொள்கிறார்கள். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோய் வந்த ஐந்து வயதுக் குழந்தை கூட ஸ்டீராய்டில் இருக்கும்.

மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தது. அடுத்த சில நாட்களில் எங்கள் வட்டத்தில் போனில் ஓடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். டயாலிசிஸ் காலத்திலிருந்து எனக்குப் பழக்கமான, மன்னார்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டார்.

“தம்பி, ஒரு ரெண்டு மாசம் மாத்திரைய நிறுத்தி வெச்சா என்ன? உடம்புல கொஞ்சம் சக்தி ஏறட்டுமே. இந்தச் சனியன் போனதும் மறுபடி ஆரம்பிச்சுக்கலாம்ல?”

“வேண்டாம்ணே. ஒரு வேள கூட விடாதீங்க. டாக்டரக் கேக்காம எதையும் மாத்தாதீங்க.”

“இல்ல தம்பி, வந்துட்டா நமக்குத்தான் மொதல்ல போகும்ங்கிறாங்களே?”

அவர் பயந்ததில் தவறே இல்லை. அந்த ஏப்ரலில் நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவ மையத்திலிருந்து ஒரு மருத்துவ அறிக்கை வெளியானது. மாற்றுச் சிறுநீரகத்தோடு இருந்த 36 பேருக்குத் தொற்று, அதில் 10 பேர் இறந்துபோனார்கள். இத்தாலியின் பிரெசியாவிலிருந்து வந்த கணக்கு 20 பேரில் 5 பேர். இந்த எண்களைப் படித்துவிட்டு எவரால் தூங்க முடியும்? ஆனால் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும். உடல் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கும். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறும். அந்த ரிஜெக்ஷனை அடக்க மருத்துவமனையில் சேர்த்து, நாட்கணக்கில் பெரிய அளவு மெத்தில் பிரெட்னிசோலோன் ஊசி போடுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் டி அணுக்களையே அழிக்கும் ஏடிஜி. அதாவது, மாத்திரைகள் குறைப்பதைவிடப் பல மடங்கு எதிர்ப்புசக்தியை இழந்து, கொள்ளைநோயின் நடுவில், மருத்துவமனைக் கட்டிலில் கிடக்க வேண்டிவரும். அப்படியும் சிறுநீரகம் பிழைக்காவிட்டால் மறுபடி டயாலிசிஸ். வாரம் மூன்று முறை, பலர் அடுத்தடுத்துப் படுத்திருக்கும் கூடத்தில் நான்கு மணி நேரம். சக்தி ஏறட்டும் என்று நிறுத்துகிறவர் போய்ச் சேரும் இடம் அதுதான். அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா என எங்கும் இத்துறை மருத்துவர்கள் அன்று ஒரே குரலில் சொன்னதும் இதைத்தான்: நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தொற்று வந்துவிட்டால் கணக்கு வேறு. அப்போது மருத்துவர்கள் பெரும்பாலும் மைக்கோஃபீனோலேட்டை முதலில் நிறுத்தினார்கள். டாக்ரோலிமஸை நிலைமையைப் பொறுத்துக் குறைத்தார்கள். ஸ்டீராய்டைத் தொடர்ந்தார்கள், சில சமயம் கூட்டினார்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த உடலில் அதைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எதை நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பது ஒவ்வொருவரின் ரத்தப் பரிசோதனையையும் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. பின்னால் இந்தியாவின் 13 மையங்களைச் சேர்ந்த மருத்துவர்கள் 250 பேரின் விவரங்களைத் தொகுத்தபோது இறப்பு ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்தது. மிக அதிகம்தான். ஆனாலும் நியூயார்க் கணக்கில் பாதிக்கும் குறைவு. நம் நாட்டில் மாற்றுச் சிறுநீரகம் பெறுவோர் வயதில் இளையவர்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்களுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. கடைவாசல், அலுவலக வாசல் எங்கும் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினார்கள். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் வெளியே தெரியாமலே போகலாம். அந்த நியூயார்க் நோயாளிகளில் காய்ச்சலோடு வந்தவர்கள் 58 சதவீதம்தான். சிலருக்கு வயிற்றுப்போக்கே முதல் அறிகுறியாக இருந்தது. வயிற்றுப்போக்கு வந்தால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு ஏறிவிடும், ஏறினால் அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே எங்களைப் போன்றவர்கள் ‘காய்ச்சல் இல்லையே’ என்று நிம்மதி அடைய வழியில்லை.

ஊரடங்கின் கஷ்டங்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ‘லெவல்’ பார்ப்பது பற்றி யாரும் எழுதவில்லை. ரத்தத்தில் டாக்ரோலிமஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை அது. இரவு மாத்திரை போட்டு பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். குறைந்தால் ரிஜெக்ஷன், கூடினால் நச்சு. நடுவில் இருப்பது மெல்லிய கோடு. இந்தப் பரிசோதனை எல்லா ஊர் லேபிலும் கிடையாது. பஸ் இல்லை, ரயில் இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்ட இ-பாஸ் வேண்டும். விண்ணப்பத்தில் ‘மருத்துவ அவசரம்’ என்று போட்டால், என்ன அவசரம், அட்மிஷன் சீட்டு எங்கே என்று கேட்டார்கள். ரத்தம் கொடுக்கப் போவது அவசரம் என்று எழுத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த பலர் மாதக்கணக்கில் லெவல் பார்க்காமலே மாத்திரை போட்டார்கள்.

மாத்திரை கிடைப்பதும் எளிதாக இல்லை. சிறு ஊர் மருந்துக்கடையில் டாக்ரோலிமஸை வாங்கி வைக்க மாட்டார்கள். நகரத்திலிருந்து வரவழைக்க வேண்டும். வழக்கமான கம்பெனி மருந்து இல்லை, வேறு கம்பெனி இருக்கிறது என்பார்கள். காய்ச்சல் மாத்திரையில் கம்பெனி மாறினால் ஒன்றுமில்லை. டாக்ரோலிமஸில் மாறினால் லெவல் மறுபடி பார்த்தாக வேண்டும். பார்க்கத்தான் வழி இல்லையே! அந்த வாரங்களில் ஸ்பீட் போஸ்டில் மருந்துப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்த தபால்காரர்களை நான் மறக்க மாட்டேன். முகக்கவசமும் கைக்குட்டையும் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்த அவர்களுக்கு, உள்ளே இருப்பது ஒரு சிறுநீரகத்தின் அடுத்த மாத ஆயுள் என்பது தெரிந்திருக்காது.

லூபஸ் நோயாளிகளின் கதை இதைவிடக் கொடுமை. அவர்களுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் அன்றாட மருந்து. நோய் கிளர்ந்தெழாமல் காப்பது அது. மார்ச் மூன்றாம் வாரத்தில் அமெரிக்க அதிபர் டிரம்ப் அதைப் பெரிய திருப்புமுனை என்று புகழ்ந்தார். சில நாட்களிலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர், கொரோனா நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவப் பணியாளர்கள் முன்தடுப்பாக எடுக்கலாம் என்றது. கடைகளில் இருந்த அட்டைகளை, நோயே இல்லாதவர்கள் வாங்கிப் போய் அலமாரியில் வைத்துக்கொண்டார்கள். மார்ச் 26-இல் அரசு அதை எச்1 பட்டியலில் சேர்த்து, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. சரியான நடவடிக்கைதான். ஆனால் பல ஆண்டுகளாகப் பழைய சீட்டைக் காட்டி வாங்கிவந்த லூபஸ் பெண்களுக்குப் புதுச் சீட்டு எழுதித் தர, அந்த ஊரடங்கில் எந்த கிளினிக் திறந்திருந்தது? ஜூன் 5-ஆம் தேதி பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, மருத்துவமனையில் இருக்கும் கொரோனா நோயாளிகளுக்கு அந்த மருந்தால் பயனில்லை என்று முடிவு சொன்னது. யாருக்கும் உதவாத ஒரு நம்பிக்கைக்காக, உண்மையில் அதை வைத்து உயிர் வாழ்கிறவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். இன்றும் இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அதே ரெகவரி ஆய்வுதான் ஜூன் 16-இல் வேறொரு செய்தியையும் தந்தது. டெக்சாமெத்தசோன், தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருந்தவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் அது குறைத்தது. எதிர்ப்புசக்தியை அடக்கும் ஸ்டீராய்டு! கொரோனாவில் முதல் வாரம் வைரஸின் வாரம். அதற்குப் பின் பலரைக் கொன்றது கட்டுமீறிய சொந்த எதிர்ப்புசக்திதான். கூடினால் நல்லது என்று ஊரே நம்பியதற்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை. ஆனால் அதே ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு இதனால் பயனில்லை என்றும் சொன்னது. அந்த இரண்டாவது பாதியை நம் ஊரில் பலர் காதில் வாங்கவில்லை. இரண்டாம் அலையில் முதல் நாளிலிருந்தே ஸ்டீராய்டு, அதுவும் சர்க்கரை அளவைப் பார்க்காமல். 2021 ஜூலைக்குள் நாட்டில் 45,000-க்கு மேற்பட்டோருக்குக் கரும்பூஞ்சை நோய் பதிவானது. கட்டுப்படாத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் அது பாய்ந்தது. இந்த மருந்துகளை ஆண்டுக்கணக்கில் லெவல் பார்த்து, கீரையைக் கழுவி, ஆறிய நீர் குடித்து எடுத்துக்கொள்ளும் எங்களுக்கு, அவை இப்படி அள்ளி வழங்கப்பட்டதைப் பார்க்கப் பதைத்தது.

தடுப்பூசி வந்தது. 2021 மார்ச் 1-இல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், 45 முதல் 59 வரை இணைநோய் உள்ளவர்களுக்கும் தொடங்கினார்கள். இணைநோய்ப் பட்டியலில் இருபது இனங்கள். உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களும், தடுப்பாற்றலைக் குறைக்கும் மருந்தை நீண்ட நாள் எடுப்பவர்களும் அதில் இருந்தார்கள். பட்டியலை எழுதியவர்கள் எங்களை நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் வயது வரம்பு? மாற்றுச் சிறுநீரகத்தோடு இருக்கும் 28 வயதுப் பெண், மே மாதம் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் என்று ஆகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் வந்தது ஏப்ரல். அந்த ஏப்ரல் எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. இருபது இனங்களில் சிலவற்றுக்காவது வயது வரம்பைத் தளர்த்தியிருக்கலாம். அவர்கள் எண்ணிக்கை நாட்டின் கணக்கில் மிகச் சிறியது.

ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் முழு நிம்மதி கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் உறுப்பு மாற்றம் பெற்ற 436 பேரை எம்ஆர்என்ஏ தடுப்பூசியின் முதல் தவணைக்குப் பின் சோதித்தார்கள். 17 சதவீதத்தினரிடம் மட்டுமே எதிர்ப்பொருள் தென்பட்டது. இரண்டு தவணைக்குப் பின் 658 பேரில் 54 சதவீதம். மைக்கோஃபீனோலேட் போன்ற மருந்தில் இருந்தவர்களிடம் இன்னும் குறைவு. அணுக்கள் பெருகுவதைத் தடுக்கும் மருந்து, தடுப்பூசி பெருக்க நினைக்கும் அணுக்களையும் தடுக்கத்தானே செய்யும்! பிரான்சின் துலூஸ் நகர மருத்துவர்கள் மூன்றாவது தவணை போட்டுப் பார்த்தார்கள். 40 சதவீதமாக இருந்தது 68 ஆனது. 2021 ஆகஸ்டில் அமெரிக்கா எங்களைப் போன்றவர்களுக்கு மூன்றாவது ஊசியை அனுமதித்தது. இந்தியாவில் முன்னெச்சரிக்கைத் தவணை 2022 ஜனவரி 10-இல் தொடங்கியது. அப்போதும் முன்களப் பணியாளர்களுக்கும் 60 வயதைக் கடந்த இணைநோயாளிகளுக்கும்தான். எங்களில் இளையவர்கள் ஏப்ரல் வரை காத்திருந்து தனியார் மையங்களில் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மருந்தை நிறுத்துவது பற்றி மன்னார்குடிப் பெரியவர் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு ஓரிடத்தில் மட்டும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்தது. முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள், ஊக்கத் தவணைக்குப் பின் இரண்டு வாரம் அதை நிறுத்திவைத்தால் எதிர்ப்பொருள் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு 2022-இல் காட்டியது. சிலருக்கு மூட்டு வலி கொஞ்ச நாள் திரும்பியது, அவ்வளவுதான். ஆனால் அது மெத்தோட்ரெக்சேட்டுக்கு, இரண்டு வாரத்துக்கு, மருத்துவர் சொல்லிச் செய்வது. மாற்றுச் சிறுநீரகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

கொரோனாவுக்கான பேக்ஸ்லோவிட் மாத்திரை வந்தபோது எங்கள் குழுவில் மகிழ்ச்சி. ஆனால் அதில் உள்ள ரிட்டோனவிர், டாக்ரோலிமஸைக் கரைக்கும் கல்லீரல் நொதியை முடக்கிவிடும். டாக்ரோலிமஸ் அளவு ஆபத்தாக ஏறும். பம்ளிமாஸ் பழத்தை எங்களுக்கு விலக்கி வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். கபசுரக் குடிநீரை நான் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில்: பதினைந்து மூலிகைகள் என் டாக்ரோலிமஸை என்ன செய்யும் என்று அளந்து பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. எங்கே காட்டப் போனாலும், எந்தப் புது மாத்திரையை நீட்டினாலும், ‘நான் டாக்ரோலிமஸில் இருக்கிறேன்’ என்று முதலில் சொல்லுங்கள். புது மருத்துவருக்கு அதை நினைவுபடுத்துவது மரியாதைக் குறைவல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் நெருக்கடி நிலை முடிந்தது என்று அறிவித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், ஜனவரியில், தடுப்பூசி வேலை செய்யாதவர்களுக்கென்று வந்திருந்த எவுஷெல்ட் எதிர்ப்பொருள் ஊசியின் அனுமதியை அமெரிக்கா விலக்கிக்கொண்டிருந்தது; புது உருமாற்றங்களிடம் அது பலிக்கவில்லை. ஆக எங்களுக்கு மிச்சம் இருப்பது எங்களைச் சுற்றி இருப்பவர்களின் எதிர்ப்புசக்திதான். என் வீட்டில் எல்லோரும் எல்லாத் தவணையும் போட்டுக்கொண்டார்கள். சளி பிடித்தவர் தாமாகவே வேறு அறைக்குப் போய்விடுகிறார். சிறுநீரகம் தந்த அக்கா ஆண்டுதோறும் எனக்கு முன்னால் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டு, “நீ எப்பப் போடப் போற?” என்று போனில் விரட்டுகிறார்.

(அடுத்த வாரம்: ஒற்றைச் சிறுநீரகத்தோடு கொடையாளர்கள் வாழ்வது எப்படி)