நீலகிரி – நம்ம ஊர்த் தண்ணீர் பிறக்கும் மலை

ஊட்டின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பூங்கா, படகு, வர்க்கி. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, பள்ளிச் சுற்றுலா போய்வரும் வரை.

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இடமே நீலகிரி. இதன் உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா, 2637 மீட்டர். 'பெரிய மலை' என்று அர்த்தம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் மலை ரயில் ஓடுகிறது. 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் வந்தது. ஏற்றத்தில் வழுக்காமலிருக்க, தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கு. என்ஜினின் பல்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டே ஏறும். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பைக்காரா போகும் வழியில் மொட்டையாகப் புல்வெளி மலைகள். "மரத்தை எல்லாம் வெட்டிட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டேன். டீச்சர் சிரித்தார். "இல்லம்மா, இது இயற்கையாவே புல்வெளிதான். பள்ளத்துல மட்டும் குட்டை மரங்கள் அடர்ந்து நிக்குது பாரு, அதுக்குப் பேர் சோலை" என்றார்.

மழை பெய்தால் புல்லும் சோலை மண்ணும் பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அதனால்தான் மழையில்லாத மாதத்திலும் ஓடையில் தண்ணீர் ஓடுகிறது. வெள்ளைக்காரர் காலம் முதல் சீகை மரமும் தைல மரமும் நட்டு, புல்வெளி நிறையக் குறைந்துவிட்டது. நம் மாநில விலங்கான வரையாடு இந்தப் புல்வெளியை நம்பித்தான் வாழ்கிறது.

பைக்காரா ஆறு கீழே இறங்கி மாயாறாகி, பவானிசாகர் அணையில் சேர்கிறது. மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கும் கல்லாறும் பவானியில்தான் கலக்கிறது. நம்ம ஊர்த் தொட்டியில் ஏறுவதும் அந்தப் பவானித் தண்ணீர்தான்!

இதைக் கேட்டதும் எனக்குத் திக்குன்னு ஆச்சு. காலையில் கல்லாறு தாண்டி மலை ஏறும்போது, முறுக்கு தின்ற பாலித்தீன் பையை ஜன்னல் வழியாக வீசியது நான்தான். யாரும் பார்க்கலை.

கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கொண்டுவந்தார்கள். வண்டிக்குப் பாஸ் வாங்கலாம், நம்ம கைக்கு யார் பாஸ் கொடுப்பது?

நீங்களும் ஊட்டிக்குப் போய் வாருங்கள். ரயிலைப் பாருங்கள், பூவைப் பாருங்கள், அந்தப் புல்லையும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். தின்ற பையை மடித்து உங்கள் பைக்குள்ளேயே வைத்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

நான் வீசிய பை இன்னும் அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கும்.

– 9-ம் வகுப்பு மாணவி