இடிபாட்டுடன் விற்பனைக்கு வரும் கடலோர நிலம்

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையைக் கடந்து செல்வோர், அது திருவிதாங்கூர் மன்னர்கள் எழுப்பிய அரண் என்பதை அறிவர். அதே அரசு, கோட்டைகளை விலைக்கு வாங்கியதும் உண்டு. இன்று கடலோரச் சிற்றூர்களில் பாழடைந்த கட்டடத்துடன் கூடிய நிலத்தை வாங்க முனைவோருக்கு அந்த நிகழ்ச்சி ஒரு பாடமாகும்.

1789-ஆம் ஆண்டில், பெரியாற்றின் முகத்துவாரத்திற்கு அருகிலிருந்த கொடுங்கல்லூர், அழிக்கோடு கோட்டைகளை டச்சுக்காரர்களிடமிருந்து மூன்று இலட்சம் ரூபாய்க்குக் கார்த்திகைத் திருநாள் இராமவர்மா வாங்கினார். வடக்கு எல்லையைக் காப்பதே அவரது நோக்கம். கொடுங்கல்லூரைப் போர்த்துகீசியரிடமிருந்து 1662-இல் வென்றதால் அது தமக்கே உரியது என்பது டச்சுக்காரர்களின் கூற்று. திப்பு சுல்தானோ, நிலம் தமக்குக் கப்பம் கட்டும் கொச்சி மன்னருடையது, அதை விற்க டச்சுக்காரர்களுக்கு உரிமை இல்லை என்று வாதிட்டார். விற்பனை ஒன்றே போருக்குக் காரணமன்று. எனினும் அதுவே பூசலை மூட்டியது. 1790-இல் கொடுங்கல்லூர்க் கோட்டை திப்புவின் படையிடம் வீழ்ந்து இடிக்கப்பட்டது. அதன் எச்சத்தைக் கோட்டப்புறத்தில் இன்றும் காணலாம்.

விற்பவரின் உரிமையை ஆராய வேண்டிய தேவை இன்றும் குறையவில்லை. பத்திரப் பதிவு, பரிமாற்றத்தைப் பதிவு செய்கிறதேயன்றி உரிமைக்கு உறுதி அளிப்பதில்லை. வில்லங்கச் சான்று, பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும். ஆதலின், மூலப் பத்திரத்திலிருந்து உரிமைத் தொடரை ஆராய்தல் இன்றியமையாதது.

உரிமை ஐயமற்றது எனினும், அந்நிலத்தில் வீடு கட்ட இயலாமற் போகலாம். மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பத் தடை உண்டு. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றாக வேண்டும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வாறு விதிக்கிறது. அஞ்சுதெங்குக் கோட்டை இத்தகைய சின்னமே. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் ஊர்ப்புறங்களில் உயர் ஓதக் கோட்டை அடுத்த பகுதியில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகிறது. 2019-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி இப்பகுதி, மக்கள் நெருக்கமுள்ள ஊர்களில் 50 மீட்டர். ஏனையவற்றில் 200 மீட்டர்.

வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு நிலம் வாங்குவோர், முன்பணம் அளிக்குமுன் பத்திரப் பதிவு அலுவலகம், கிராம அலுவலகம், ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றில் உரிய விவரங்களை எழுத்து மூலம் பெறுவது நலம்.