ஒரே ஏடு, ஒரே வாய்ப்பு



விளையாட்டில் தோற்றவன் மீண்டும் முயலலாம் என்பது பொது வழக்கு. அவ்வழக்கை மறுக்கும் விளையாட்டு ஒன்றைப் பற்றி இன்று பேசக் கருதுகிறேன்.

பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த லாரியன் ஸ்டுடியோஸ் நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் 'பால்டர்ஸ் கேட் 3' என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. ஆடுபவர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் பூண்டு, நால்வர் அடங்கிய குழுவை நடத்திச் செல்வர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் 'ஹானர் மோட்' என்னும் மிகக் கடினமான படி அதில் சேர்க்கப்பட்டது. இதில் இறங்குவோர் எதிர்பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பின்வாங்க இயலாமை. ஏனைய படிகளில் ஆபத்துக்கு முன்பே ஆட்டத்தைப் பதிவு செய்துகொண்டு, தவறு நேர்ந்தால் அவ்விடத்திற்கே திரும்பலாம். இங்கோ உள்ளது ஒரே பதிவு. சொன்ன சொல் சொன்னதே. உருட்டிய பகடை உருட்டியதே. நால்வரும் வீழ்ந்தால் இப்படிக்குரிய பயணம் முடிந்தது. கதையைத் தொடரலாம், ஆனால் அந்தச் சிறப்பு கிட்டாது. ஒருவர் தப்பிப் பாசறையை அடைந்தாலோ, பொன் கொடுத்து மற்றவரை உயிர்ப்பிக்க வழியுண்டு.

இரண்டாவது, எதிரித் தலைவர்களின் புதிய ஆற்றல். இவ்விளையாட்டில் இரு தரப்பினரும் முறை வைத்துப் போரிடுவர். இப்படியிலோ தலைவர்கள் தம் முறை வராதபோதும், நம் செயலுக்கு எதிர்ச்செயல் புரிவர். எளிய படியில் கற்றதை மனப்பாடமாக ஒப்புவிப்பவர் இங்கே ஏமாந்து போவர்.

மூன்றாவது, பகடையின் போக்கு. இருபது முகங்கள் கொண்ட பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டுமெனில், வெற்றிக்குரிய வாய்ப்பு பாதி. இரண்டு பகடைகளை உருட்டிப் பெரியதைக் கொள்ளும் உரிமை கிடைத்தால், இரண்டும் தவறினால்தான் தோல்வி. பாதியில் பாதி கால். ஆகவே வெற்றி வாய்ப்பு முக்கால். இது போதுமே என்பீர்கள். ஆனால் அத்தகைய மூன்று முயற்சிகள் தொடர்ந்து வெற்றி பெறும் வாய்ப்பு 64இல் 27; அதாவது பாதிக்கும் குறைவு! நீண்ட பயணத்தில் பகடை கைவிடும் நாள் வந்தே தீரும் என்பது இதனால் விளங்கும்.

எனவே, பகடை நன்றாக விழுந்தால் மட்டும் பலிக்கும் திட்டம் திட்டமே அன்று. நிலத்தடிக் குகையிலுள்ள பெருஞ்சிலந்தியை எடுத்துக்கொள்வோம். அவசரக்காரர் நேரே பாய்வர். முட்டைகளிலிருந்து வெளிவரும் குஞ்சுகளும் அவரைச் சூழ்ந்துகொள்ளும். அறிவுடையோர் மறைந்து சென்று, முட்டைகளை முதலில் அழிப்பர். தப்பும் வழியைக் குறித்து வைப்பர். மருந்துகளைக் கையிருப்பில் வைப்பர். தேவையற்ற போரைப் பேச்சினால் தவிர்ப்பதும் இவ்விளையாட்டில் வெற்றியே.

இத்தனை இடர்களையும் கடந்தவருக்குக் கிடைக்கும் பரிசு பொன்னிறப் பகடை ஒன்றே. வழக்கமான பகடையைவிட அது நன்றாக விழுவதில்லை. ஆயினும் பலர் அதனை நாடுகின்றனர். ஒவ்வோர் அடியையும் எண்ணி வைத்தோம் என்பதற்கு அது சான்று.

புதியவர்கள் எளிய படியில் ஒருமுறை கதையை முடித்த பின்னரே இதனைத் தொடுவது நலம். பாதி வழியில் தோற்றால் வருந்த வேண்டா. எந்த இடத்தில், எந்த முடிவால் வீழ்ந்தோம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பழியைப் பகடைமேல் போடாமல் எழுதிய அந்தத் தாளே அடுத்த பயணத்திற்கு வழிகாட்டி.