கோல் வாசலில் ஒரு டில்லிப் பெண்

லக்ஷ்மிபாய் நகரிலும் சரோஜினி நகரிலும் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் பெண் குழந்தை என்றால் பாட்டு, பரதநாட்டியம், அதற்கு மேல் டியூஷன். கால்பந்து அந்தப் பட்டியலில் இராது. பள்ளிக்கூட டீமில் ஆடினாலும் ஒன்பதாம் வகுப்பு வந்ததும் "போதும், இனி படிப்பைப் பார்" என்று நிறுத்திவிடுகிறோம். ஏறக்குறைய அந்த வயதில்தான் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றவர் அதிதி சௌஹான்.

அதிதி 1992-ல் பிறந்தது சென்னையில். தமிழ்க் குடும்பம் இல்லை. ஆனால் நம்மில் பலரைப் போலவே சிறு வயதில் சென்னையை விட்டு டில்லிக்கு வந்தவர். சாக்கேத்தில் ஆமிட்டி பள்ளியில் படித்தபோது முதலில் ஆடியது பாஸ்கெட்பால், கராத்தேயும் கற்றார். கை வேகத்தையும் உயரத்தையும் பார்த்த பள்ளிப் பயிற்சியாளர் கோல்கீப்பராக முயன்று பார்க்கச் சொன்னார். 15 வயதில் டில்லி 19 வயதுக்குட்பட்டோர் அணியில் இடம் கிடைத்தது. பிறகு சாணக்கியபுரியில் உள்ள ஜீசஸ் அண்ட் மேரி கல்லூரி. நம் குடியிருப்பிலிருந்து அது அதிக தூரமில்லை.

பட்டம் வாங்கியதும் ஆட்டத்தை மூட்டை கட்டவில்லை. இங்கிலாந்தில் லஃபரோ பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டு நிர்வாகம் படிக்கப் போனார். 2015 ஆகஸ்டில் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணிக்காகக் களமிறங்கினார். இங்கிலாந்து லீக் ஆட்டத்தில் ஆடிய முதல் இந்தியப் பெண் என்ற பெயர் அவருக்கு அன்று கிடைத்தது. அந்த முதல் ஆட்டத்தில் கவென்ட்ரி அணியிடம் 5 கோல் வாங்கித் தோற்றார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அது மூன்றாம் நிலை லீக்தான். ஆனாலும் அதற்கு முன் அந்தப் படியைக்கூட நம் பெண்கள் யாரும் ஏறியதில்லை.

திரும்பி வந்த பின் கோகுலம் கேரளா அணியோடு 2019-20, 2021-22 ஆண்டுகளில் இந்திய மகளிர் லீக் கோப்பை. நடுவே 2021-ல் ஐஸ்லாந்தில் ஹாமர் கிளப். இந்தியாவுக்காக 57 ஆட்டங்கள். தெற்காசிய சாம்பியன் பட்டம் வென்ற 2012, 2016, 2019 அணிகளில் இருந்தார். 2025 ஜூலையில் ஓய்வை அறிவித்தார்.

கோப்பைகளைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே டில்லியில் பெண்களுக்காக 'ஷீ கிக்ஸ்' என்ற கால்பந்துப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதை ஒரு கோல்கீப்பர் தொடங்கியதில் விசேஷம் இருக்கிறது. சாதாரணமாக நம் பிள்ளைகள் ஆடும் இடத்தில் கோலில் நிறுத்தப்படுவது யார்? ஓட முடியாத குழந்தை, அல்லது கடைசியாக வந்து சேர்ந்த குழந்தை. கோல் விழுந்தால் திட்டு வாங்குவதும் அதே குழந்தை. இரண்டு வாரத்தில் "எனக்கு வேண்டாம்" என்று வீட்டோடு இருந்துவிடும்.

உண்மையில் அந்த இடத்துக்குத்தான் தனிப் பயிற்சி அதிகம் தேவை. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். எந்தப் பெண்ணாலும் நின்ற இடத்திலிருந்து அதை முழுக்க அடைக்க முடியாது. எனவே முன்னால் வந்து கோணத்தைக் குறுக்கக் கற்க வேண்டும். விழுவதற்கும் முறை உண்டு: முழங்கையை ஊன்றாமல், பக்கவாட்டில் சரிந்து, பந்தை உடம்போடு அணைத்து விழ வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் தோளும் மணிக்கட்டும்தான் பாழாகும். தன் அணியினர் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தைக் கீப்பர் கையால் பிடிக்கக் கூடாது என்ற விதி 1992-ல் வந்தது. அதனால் கால் ஆட்டமும் தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்று, கத்த வேண்டும். மைதானம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் ஒரே ஆள் கீப்பர். "இடது பக்கம் ஆள் வருகிறது, நீ பின்னால் போ" என்று பத்துப் பேருக்கும் உரக்கச் சொல்வது அவள் வேலை. "பெண் பிள்ளை சத்தமாகப் பேசாதே" என்று கேட்டு வளர்ந்த குழந்தைக்குப் பந்தைப் பிடிப்பதைவிட இதுதான் கஷ்டம். முன்பு அதைச் செய்து காட்ட நம் ஊரில் முகம் தெரிந்த ஒருத்தி இல்லை. இப்போது இருக்கிறாள்.

2025 ஜூலை 5-ஆம் தேதி இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வென்று, தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தேர்வானார்கள். அதிதி ஓய்வை அறிவித்தது அதே மாதம். அன்று கோலில் நின்றவர் மணிப்பூரின் பந்தோய் சானு. டில்லியிலிருந்தும் ஹான்ஸ், ஹாப்ஸ் போன்ற அணிகள் இந்திய மகளிர் லீகில் ஆடியிருக்கின்றன. நம் மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் அந்தக் கோப்பையையே வென்றது. ஊருக்குப் போகும்போது உறவினரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

பெற்றோருக்குச் சில நடைமுறை விஷயங்கள். டில்லி பல்கலைக்கழகக் கல்லூரிகளில் விளையாட்டுக்கும் கலைகளுக்கும் சேர்த்து 5 சதவீத இடங்கள் வரை உண்டு. மாநில அளவிலான சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குச் சேர்க்குமுன் பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, கீப்பர்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குகிறார்களா, மாலையில் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேளுங்கள். நவம்பரில் புகை மூட்டம் அதிகமான நாட்களில் வகுப்பு நிற்கும். அதற்குக் கட்டணம் கழிப்பார்களா என்றும் கேட்பதில் தப்பில்லை. கையுறை வாங்கும்போது மட்டும், "வளரும் பிள்ளை" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். பந்து நழுவும்.