உள்ளானை எண்ணத் தெரியுமா மக்கா?

பொங்கல் லீவுக்கு என்ன பிளான்? கரும்பு, புதுப்படம், மத்தியானம் நல்ல தூக்கம்... ஓகே! நடுவுல ஒரே ஒரு விடியற்காலையை மட்டும் குளத்தங்கரைக்கு ஒதுக்க முடியுமா? நெல்லைச் சீமையில் அதுக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. சம்பளம் கிடையாது, சேறு உண்டு.

அதன் பெயர் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு. மணிமுத்தாறில் உள்ள ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மையம், நெல்லை இயற்கைச் சங்கம் போன்ற அமைப்புகளோடு சேர்ந்து 2011-ல் ஆரம்பித்தது. ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கும். குழு குழுவாகப் பிரிந்து குளங்களுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். காலேஜ் பசங்க, பொண்ணுங்க நிறைய பேர்.

சேரன்மகாதேவியில் செங்கோட்டை ரயில் ஏறுகிறவர்களுக்கு ஜன்னலோரக் குளங்கள் புதுசு இல்லை. வெள்ளையா நின்னா கொக்கு, கறுப்பா முங்கி எழுந்தா நீர்க்காகம். அதோட நம்ம பறவை ஞானம் முடிஞ்சிடும்! கரையோரச் சேத்துல பழுப்பு நிறத்தில் குடுகுடுன்னு ஓடுதே, அதை யாரும் கவனிக்கிறதில்லை. அதுதான் உள்ளான். பொரி உள்ளான், பச்சைக்கால் உள்ளான், கொசு உள்ளான் என்று அதில் ஏகப்பட்ட வகை.

கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம். மூணு பத்து ரூபாய் நாணயத்தைக் கையில வெச்சுப் பாருங்க, அவ்வளவுதான்! ஆனா அது குஞ்சு பொரிக்கிறது ஆர்க்டிக் பக்கம். அங்கே குளிர் தொடங்கும்போது கிளம்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, நம்ம ஊர்ப் பக்கம் வந்து புழு பொறுக்குது. ஜனவரியில் இந்த விருந்தாளிகள் அதிகம் அலையாமல் ஒரே பகுதியில் தங்கியிருக்கும். 1987-ல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் அதனால்தான் ஜனவரியில் நடக்கிறது.

இங்கே ஒரு விஷயம். குளம் நிரம்பி வழிஞ்சா நமக்குச் சந்தோஷம், உள்ளானுக்கு அது பட்டினி! அதுக்கு வேண்டியது கணுக்கால் அளவு தண்ணியும் ஈரச்சேறும். தளும்பும் குளத்தில் வாத்து நீந்தும், உள்ளான் இருக்காது. அதனால் "ஒண்ணையும் காணோம்" என்று சலிச்சுக்கிட்டுத் திரும்பக் கூடாது. தண்ணீர் எவ்வளவு, சேறு தெரிகிறதா என்பதையும் குறித்து, பூஜ்ஜியம் என்றே எழுத வேண்டும். அதே குளத்துக்கு அடுத்த வருஷமும் போக வேண்டும். இதுதான் இந்த வேலையின் கஷ்டமான பகுதி என்பேன். முதல் வருஷம் எல்லாரும் வருவாங்க. மூணாவது வருஷம் வர்றவங்கதான் முக்கியம்.

2023 டிசம்பர் 17, 18-ல் கொட்டிய மழையில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் குளங்கள் பல உடைந்தன. அதனால் பறவைகளுக்கு என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால், பழைய எண்கள் கையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். கூந்தன்குளம் 1994-லேயே சரணாலயம் ஆனது, 2022-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்தது. பெரும்பாலான பாசனக் குளங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கரையில் குப்பை கொட்டினாலோ, ஓரத்தை மண் போட்டு மூடினாலோ, "இங்கே இத்தனை பறவைகள் வந்தன" என்று காட்ட ஒரு பேப்பராவது வேண்டாமா?

எண்ணுவது எப்படி? சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்க. ஒருத்தர் எண்ண, ஒருத்தர் எழுதணும். பெரிய கூட்டம்னா முதல்ல பத்தை மட்டும் எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு மனசுல பதிச்சுக்கிட்டு, பத்துப் பத்தா நகரணும். கூட்டம் பறந்து பக்கத்தில் இறங்கினால் மறுபடி எண்ணாதீங்க. இனம் தெரியலையா? அடிச்சு விடாம, 'உள்ளான், இனம் தெரியவில்லை'ன்னு எழுதுங்க. அது அவமானம் இல்லை பாஸ்! இந்த சாம்பல், பழுப்பு கும்பலில் அனுபவசாலிகளே திணறுவாங்க.

பைனாகுலர் இல்லாட்டி பரவாயில்லை, குழுவில் ஒண்ணு இருந்தால் போதும். கண்ணைப் பறிக்கிற சிவப்புச் சட்டை வேண்டாம். பழைய செருப்பு, தொப்பி, தண்ணி பாட்டில் கட்டாயம். ஆறு மணிக்கெல்லாம் கரையில இருக்கணும், அதனால முந்தின ராத்திரி செகண்ட் ஷோவை மட்டும் தியாகம் பண்ணிடுங்க!