சுவாசப்பை சுருங்கினால்

தென்னையால் விழுந்து விலா முறிந்தவருக்கும், காசநோய் கண்டவருக்கும், ஒரு நோயுமில்லாத மெலிந்து உயர்ந்த இளைஞனுக்கும் இது வரலாம். சுவாசப்பையிலிருந்து கசிந்த காற்று, நெஞ்சுச் சுவருக்குள்ளே தேங்கி வெளியிலிருந்து நெருக்க, சுவாசப்பை சுருங்கிவிடுகிறது. திடீரென ஒருபக்க நெஞ்சு நோகும், மூச்சு முட்டும்.

காற்று சிறிதெனில் உடல் தானே அதை உறிஞ்சிக்கொள்ளும். சில வாரங்கள் செல்லலாம். வைத்தியர் "பொறுத்துப் பார்ப்போம்" என்றால், கவனியாமல் விட்டார் என்று கோபிக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2020இல் வெளியான ஆய்வொன்றில், வேறு நோயின்றி முதன்முறை இது வந்து, காற்று அதிகமாயிருந்தும் பொறுத்துப் பார்க்கப்பட்டவர்களில் 100க்கு 85 பேரளவில் குழாயின்றியே தேறினர். மூச்சு மிக முட்டினால் ஊசியால் காற்றை எடுப்பர், அல்லது விலாக்களுக்கிடையே குழாய் இடுவர்.

குழாயைக் கண்டதும் எம்மவர் கலங்கிவிடுகிறார்கள். அதன் மறுமுனை போத்தல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும். காற்று குமிழியாக வெளியேறும். திரும்பி உட்செல்ல நீர் விடாது. அவ்வளவுதான். ஆனால் கட்டில் மாற்றும்போது உறவினர் ஒருவர் போத்தலைத் தூக்கி நோயாளியின் நெஞ்சின்மேல் வைத்ததை நாம் கண்டோம். நீர் நெஞ்சுக்குள் போயிருக்கும்! போத்தல் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே, நிமிர்ந்தே இருக்கட்டும். குழாயை மடிக்கவோ கட்டவோ வேண்டாம்.

திரும்பத் திரும்ப வந்தால் சத்திரசிகிச்சை உண்டு. பீடி, சிகரட்டை அன்றே விடவேண்டும்.

உதடு நீலித்து, நாடி விரைந்து, பேசவே மூச்சில்லை என்றால் விடியும்வரை காத்திராதீர்கள். 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்சுக்குப் பணமில்லை.